பூங்காவனம் தின்ற மாத்திரை

போன மாதம் எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "இதப் பிரிக்கிறதுக்குள்ள நகம் போயிடுது மேடம். உங்க காலத்துல டப்பாவுல உதிரியா வருமாமே, அது எவ்ளோ ஈஸி" என்றாள். நானும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்து பேச்சுக் கொடுத்தாள், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நகம் போனா முளைக்கும்" என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அங்கே சொல்கிற கதையா அது. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவளும் அவள் வயதுப் பெண்களும் படிக்கட்டும்.

என் ஊர் திருவள்ளூர். அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருந்தார். மகள் கண்டவர்களின் மலத்தையும் ரத்தத்தையும் தொடுகிற வேலைக்குப் போனதை அவர் கடைசிவரை செரித்துக்கொள்ளவில்லை. நான் வேலையிலிருந்து வந்தால் கிணற்றடியில் தலைக்குக் குளித்த பிறகுதான் பேசுவார். அறுபதுகளில் மெட்ராஸில் பயிற்சி. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் அங்கே கற்றேன். முதல் இரண்டும் வந்தன. பிறகு ஊர் ஊராக மாற்றி, எழுபதுகளின் தொடக்கத்தில் கவரைப்பேட்டையைத் தாண்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

எங்களிடம் மூன்று திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து விரல் நசுங்கியவர்கள், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து பாம்புக்கடி, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து திருக்கை முள் குத்திக் கால் வீங்கியவர்கள். எக்ஸ்ரே கிடையாது. ரத்தம் ஏற்ற வசதி கிடையாது. இருந்தவர் டாக்டர் நமச்சிவாயம்.

ஒல்லி மனிதர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தவறு செய்தால் திட்டமாட்டார். "அப்படியா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, அதே வேலையை நம் கண்ணெதிரே தானே முதலிலிருந்து செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம். வார்டுக்குள் வந்தால் நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். கட்டிலுக்கு அடியில் வாந்தி, மலம் பிடிக்க வைத்திருக்கும் பேசினைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும் சிஸ்டர். நாம வருத்தப்படக் கூடாதுன்னு சிரிக்கும். பேசினுக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது" என்பார். "பயப்படாதீங்க" என்கிற வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படட்டும் என்பது அவர் கட்சி.

கூட்டம் குறைந்த மத்தியானங்களில் எங்களுக்குப் பாடம் நடத்துவார். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் இரும்பு மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. விழுங்கினால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பெண்கள் பயந்துபோய் வந்து கேட்பார்கள். ஏன் என்று நான் அவரைக் கேட்டேன். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து மருந்து பீரோவின் கதவிலேயே குடலை வரைந்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நாம் தின்னும் இரும்பு உடம்புக்குள் வர ஒரே வழி குடல்தான். உள்ளே வந்துவிட்டால் அதை வெளியேற்ற வழி கிடையாது. உப்பு மிஞ்சினால் சிறுநீரகம் வடித்துவிடும். இரும்பு மிஞ்சினால் கண்டுகொள்ளாது. மிஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும், படிந்த இடத்தைக் கெடுக்கும். ஆகவே காவல் எல்லாம் வாசலிலேயே. சிறுகுடலின் உள்பக்கம் பொடிப்பொடி விரல்களாக நிமிர்ந்து நிற்கிறது. அந்த விரல்களைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் இரும்பை முதலில் தங்கள் மடியில் வாங்கிக்கொள்ளும். உடம்பில் ரத்தம் குறைவு என்றால் உள்ளே அனுப்பும், வாசலையும் அகலத் திறந்துவைக்கும். போதுமான அளவு இருந்தால் அனுப்பாது. மடியில் முடிந்துகொண்டே இருந்து, சில நாட்களில் ஆயுள் முடிந்து, இரும்போடு சேர்ந்து உதிர்ந்து மலத்தில் போய்விடும்.

"திருடனக் கட்டிப்புடிச்சிக்கிட்டு காவக்காரனும் கெணத்துல குதிக்கிறான், பாத்துக்கோங்க" என்றார் டாக்டர்.

"உள்ள அனுப்பு, அனுப்பாதேன்னு அதுக்கு யார் சார் உத்தரவு போடறது?"

"தெரியல சிஸ்டர். உடம்புல எங்கேயோ ஒருத்தன் இருப்பு பாத்துக்கிட்டு இருக்கான். யாருன்னு இன்னும் பிடிபடல."

கல்லீரல்தான் ஒரு சரக்கை ரத்தத்தில் அனுப்பிக் குடலுக்கு உத்தரவு போடுகிறது என்று இப்போது கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்த நர்ஸ் பெண்ணின் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கும். டாக்டர் அது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் சொல்லவந்த சம்பவம் ஒரு கோடையில் நடந்தது. உச்சிவெயிலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஓடிவந்தார்கள். ஏரிக்கரைக் குப்பத்துக்காரர்கள். தோணியில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவன் பெயர் ஏழுமலை. அவள் தேசம்மா, நிறைவயிறு, எட்டாம் மாதம். இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை, பூங்காவனம். தலை தொங்கிக்கொண்டிருந்தது. தேசம்மாவின் புடவை முன்பக்கம் முழுக்க வாந்தி.

டாக்டர் வழக்கம்போலக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. தேசம்மாவின் முந்தானையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்பு நிறம், நடுவே சிவப்புத் துணுக்குகள். "இது வெறும் ரத்தமில்ல. மாத்திரை ஏதாவது தின்னாளா?" என்றார்.

தேசம்மா அவரையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "செவப்பு மாத்திரங்க. எனக்குக் குடுத்தது. மிட்டாயின்னு துன்னுட்டா."

"எவ்வளவு?"

"டப்பா காலி சாமி."

ஒரு கர்ப்பிணியிடம் எப்படி ஒரு டப்பா நிறைய மாத்திரை சேர்ந்தது? இது அந்தக் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் செய்த காரியம். இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், தலை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதை மாத்திரை கொண்டுவரும் நர்ஸிடம் சொல்லமாட்டார்கள். சுடுமணலில் செருப்புப் புதையப் புதைய நடந்து வருகிறவளை மனம் நோகவைக்கக் கூடாது. சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார்கள். அடுத்த முறை கேட்டால் "முழுங்கிட்டேன்" என்பார்கள். தூக்கி எறியவும் மாட்டார்கள். மருந்தைக் கொட்டினால் நோய் தேடிவரும். அதனால் பத்திரமாக எடுத்துவைப்பார்கள். தேசம்மா ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுக் கூரைச் செருகலில் வைத்திருந்தாள். அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், சுருட்டிவைத்த வலைக்குவியல்மேல் ஏறிப் பூங்காவனம் அதை எடுத்துவிட்டாள். மாத்திரையின் மேல்பூச்சு சர்க்கரை. மூடி சும்மா வைத்திருந்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று யாரும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள்.

குழந்தையைப் படுக்கை விரிப்பில் கைகால் அசையாதபடி சுற்றினேன். இடது பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்திப் பிடித்தேன். டாக்டர் ரப்பர் குழாயை வாய்வழியே இறக்கினார். சோடா உப்புக் கரைத்த நீரைப் புனலில் கொஞ்சமாக ஊற்றி, புனலைக் கீழே தாழ்த்தி வெளியே வாங்கினோம். மறுபடி ஊற்றி, மறுபடி வாங்கினோம். சோடா உப்பு பட்டால் இரும்பு அவ்வளவு சுலபத்தில் கரையாது. முதல் தடவைகளில் சிவப்புத் தோலும் அரைகுறையாகக் கரைந்த மாத்திரையும் வந்தன. அப்புறம் ரத்தம் கலந்த நீர். தெளிந்த நீர் வரும்வரை டாக்டர் விடவில்லை. பச்சை முட்டையைப் பாலில் அடித்துப் புகட்டினோம். கையில் நரம்பைத் தேடிப் பிடித்துக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டினோம். அதற்குள் கறுப்பாகவும் பிறகு சிவப்பாகவும் பேதி போக ஆரம்பித்தது. சாயங்காலம்வரை துணி மாற்றி மாற்றி எனக்குக் கை ஓய்ந்தது. குழந்தை அழுதுகொண்டே இருந்தாள். அழுகிற குழந்தைமேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போன் போட்டார். ரத்தத்தில் கலந்த இரும்பைப் பிடித்து இழுத்து வெளியேற்றும் ஊசிமருந்து ஒன்று வெளிநாட்டில் வந்திருந்தது. அது அங்கேயும் கையிருப்பில் இல்லை. நீங்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம், குழந்தையை வழியில் உலுக்கிக்கொண்டு வராதீர்கள் என்றார்கள். டாக்டர் போனை வைத்துவிட்டுக் குழந்தையின் கட்டிலுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் வாந்தி இல்லை, பேதி இல்லை. பூங்காவனம் எழுந்து உட்கார்ந்தாள். வார்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நைனா, பன்னு" என்றாள். எங்கள் ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு லேசானது. ஏழுமலை என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

"காப்பாத்திட்டீங்க நர்ஸம்மா. நாங்க கெளம்பறோம்."

"எங்கே?"

"ஊட்டுக்குத்தான். வாந்தி நின்னுபோச்சு, பேதி நின்னுபோச்சு. பன்னு கேக்கறா. இன்னும் இன்னாத்துக்கு இங்க?"

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஏரியில் நல்ல இறால் ஓடும் இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னாருக்கு என்று குப்பத்தில் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அன்று ஏழுமலையின் பாடு. தவறவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும், மறுபடி தன் முறை வரக் காத்துக்கிடக்க வேண்டும். அந்த வீட்டில் பிரசவமும் வரப்போகிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பேசினைப் பார்த்தார். குழந்தையின் நாடியைப் பிடித்து நெடுநேரம் நின்றார். என்னைத் தனியே அழைத்து, "இது நல்லதில்ல சிஸ்டர்" என்றார். "குடல் தள்ளிப் பாத்தது. முடியல. அவ்வளவு இரும்பு ஒரே இடத்துல விழுந்து குடல் சுவரே வெந்துபோச்சு. காவல் போன வாசல் வழியா உள்ள போயிடுச்சு. அதனாலதான் வயிறு இப்ப அமைதியா இருக்கு. கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் தெரியும்."

பிறகு பெஞ்சில் ஏழுமலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏழுமலை, உன் பொண்ணு பொழச்சிட்டான்னு நான் சொல்லமாட்டேன். இப்ப நீ பாக்கறது பொய். இன்னிக்கோ நாளைக்கோ திரும்ப விழுவா. அப்ப இங்க இருந்தா ஏதாவது செஞ்சு பாக்கலாம். ஏரியில இருந்தா ஒண்ணும் செய்யமுடியாது."

"இங்க இருந்தா பொழச்சிடுவாளா சாமி?"

"அதுவும் சொல்லமாட்டேன்."

ஏழுமலை பெண்டாட்டியைப் பார்த்தான். "வா தேசம்மா. இவங்க இப்டித்தான் சொல்லிக்கினு இருப்பாங்க. புள்ள சிரிக்குது பாரு."

நான் தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னிக்கு ஒரு நாள் இரு. எனக்காக இரு" என்றேன்.

அவள் குழந்தையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். கடைசியில் புருஷனிடம் சொன்னாள்: "நான் வர்ல. நீ போய் வலையப் போட்டுட்டு வா. அம்மாம் பெரிய டாக்டரு ஒண்ணும் இல்லாமயா சொல்லுவாரு."

அவன் போனான். பூங்காவனம் கையாட்டினாள்.

வெயில் சாய்வதற்குள் டாக்டர் சொன்னது நடந்தது. முதலில் மூச்சு. ஓடிவந்த குழந்தைபோல வேகமாக இரைத்தது. கைகால் சில்லிட்டது. கையிலிருந்த நரம்பு அமுங்கிப்போய்ப் பாட்டில் இறங்க மறுத்தது. டாக்டர் கணுக்காலில் கத்தியால் கீறி, நரம்பைத் தேடி எடுத்து, குழாயைச் செருகிக் கட்டினார். கீறிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. உறையும் சக்தியை ரத்தம் இழந்துவிட்டது; கல்லீரல் போய்க்கொண்டிருந்தது. சோடா உப்பை நரம்பில் கொடுத்தோம். மூச்சு கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறியது. பொழுது விடிந்தபோது கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. "நைனா எங்க?" என்று தெளிவாகவே கேட்டாள். "வந்துக்கினு கீறாரு" என்றாள் தேசம்மா. அப்புறம் குழந்தை பேசவில்லை. வலிப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் கையிலேயே அடங்கிவிட்டாள்.

ஏழுமலை காலில் ஏரிச்சேறு காயாமல் வந்தான். குழந்தையைத் துணியோடு எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வார்டுத் தரையில் உட்கார்ந்தான். அவன் கத்துவான், என்னை அடிக்கக்கூட வருவான் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"நான் தூக்கினு போயிருந்தாலும் செத்துதான் போயிருக்கும். எனக்குத் தெரியுது நர்ஸம்மா. ஆனா எம் மடியில செத்திருக்கும்."

அவர்களை இருக்கச் சொன்னது சரிதான். நாளைக்கு அப்படி ஒரு குழந்தை வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அவன் சொன்னது நிஜம்.

அவர்கள் கிளம்பும்போது டாக்டர் தேசம்மாவின் கீழ்இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். இரண்டு நாளாக அவள் எங்கள் கண்ணெதிரே இருந்தாள். குழந்தையின் அமளியில் அவளை யாரும் பார்க்கவில்லை. இமையின் உள்பக்கம் துளிச் சிவப்பு இல்லை. "காரியம் முடிஞ்சதும் இவங்கள திருப்பி அழைச்சிக்கிட்டு வரணும் ஏழுமலை. இந்த ரத்தத்தோட பிரசவமானா தாயும் தங்கமாட்டா" என்றார். அவன் தலையாட்டினானா என்றுகூட எனக்கு நினைவில்லை. வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

வந்தான். கருமாதி முடிந்து சில நாளில், கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சுவாங்குகிற தேசம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தான். "இவளயாவது பாத்துக்கோங்க" என்றான்.

விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன். அந்தக் காலத்தில் ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விடவேண்டும். எவ்வளவு தண்ணீர் தாங்குகிறதோ அவ்வளவு நல்ல ரத்தம். தேசம்மாவின் ரத்தம் சில சொட்டுத் தண்ணீரிலேயே கண்ணாடியைவிட வெளுத்துவிட்டது.

ரத்தம் ஏற்ற மெட்ராஸ் போகவேண்டும். அவள் மாட்டேன் என்றாள். மகள் கணுக்காலில் கட்டிய குழாயை அவள் மறக்கவில்லை. ஊசி என்றாலே கையை இழுத்துக்கொண்டாள். இரும்பை ஊசியாகப் போடும் மருந்து எங்களிடம் இல்லை. இருந்தாலும் டாக்டர் தயங்கியிருப்பார். அது குடல்வாசலைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகிற வழி. தவறிப்போனால் தடுக்க அங்கே யாருமில்லை. மீதமிருந்தது ஒன்றே ஒன்று. அதே சிவப்பு மாத்திரை.

"மகளோட குடல் வேணாம் வேணாம்னு தள்ளினது. இந்தம்மா குடல் வேணும் வேணும்னு காத்துக்கிட்டு இருக்கு. குடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாயின் முன்னால் போய் நிற்கவேண்டியவள் நான்.

முதல் நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள்களில் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தலையணை உறை மாற்றும்போதுதான் சிவப்புக் கறையைப் பார்த்தேன். கன்னத்தில் ஒதுக்கிவைத்துத் துப்பியிருக்கிறாள். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அசையவில்லை. கெஞ்சினேன், அதற்கும் அசையவில்லை. தலைக்குமேல் வெள்ளம் போனவளிடம் சாண் என்ன, முழம் என்ன.

மறுநாள் காலை இரண்டு மாத்திரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவள் பார்க்க ஒன்றை என் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். வாயைத் திறந்தும் காட்டினேன்.

அவள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுந்துவிடுவேன் என்று காத்திருந்தாளோ என்னவோ.

"உனுக்கு ஒண்ணும் ஆவாதா?" என்றாள். மகள் போனதிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"ஆகாது. எனக்குப் போதுமான ரத்தம் இருக்கு. என் குடல்ல ஒரு காவல் இருக்கு, அது இத உள்ள விடாது. வெளிய தள்ளிடும்."

"எனுக்கு?"

"உன் உடம்பு ரத்தம் இல்லாம தவிக்குது. உன் குடல் வாசலத் தொறந்து வெச்சிருக்கு. போட்டா வாங்கி உள்ள அனுப்பும். வயித்துல இருக்கறதுக்கும் போகும்."

வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். வார்டில் யாரோ டம்ளரை உருட்டிவிட்டார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு கேட்டாள்:

"எம் பொண்ணு வயித்துல அந்தக் காவலு இல்லியா?"

"இருந்தது தேசம்மா. ஒண்ணு ரெண்டுன்னா தடுத்திருக்கும். அத்தனையும் ஒரே நேரத்துல வந்து விழுந்தா அது என்ன செய்யும்? வெந்துபோச்சு."

"தடுத்துப் பாத்துதா?"

"பாத்தது. முதல் நாள் பூரா வாந்தியும் பேதியுமா போச்சே, அதுதான். முடிஞ்சமட்டும் வெளிய தள்ளிப் பாத்தது."

"அப்ப சும்மா உட்டுடல."

"விடல."

அவள் அழுதாள். குழந்தை செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் எழுந்து போகவில்லை, தொடவுமில்லை. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினாள். மாத்திரையை வைத்தேன். விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள்.

வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டேன், அது என் கூரைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆகவே பிரசவம்வரை வார்டிலேயே வைத்துக்கொண்டோம். தினமும் என் கையிலிருந்து வாங்கி என் எதிரிலேயே விழுங்கினாள். மலம் கறுத்தது; கொஞ்சம் கொஞ்சமாக இமைக்குள் நிறம் வந்தது. பிரசவத்தில் எல்லோருக்கும் போகிற அளவு ரத்தம்தான் போனது. அதைத் தாங்கிக்கொண்டாள். பெண்குழந்தை. அதுவும் பிழைத்தது.

வார்டில் எல்லோரும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். ஆயா குளிப்பாட்டினாள். டாக்டர்கூட ஒருமுறை கையில் வாங்கி, வாங்கிய வேகத்தில் திருப்பிக்கொடுத்தார். நான் கட்டிலருகே போனால் மட்டும் தேசம்மா குழந்தையை மார்போடு அணைத்து முந்தானையால் மூடிக்கொள்வாள். எடை பார்க்கவேண்டும் என்று சொன்னபோது ஏழுமலையிடம் கொடுத்தாள். அவன்தான் தராசில் வைத்து எடுத்தான். மாத்திரையைக் கடைசி நாள்வரை என் கையிலிருந்துதான் வாங்கினாள். குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.